பிஸ்டலுக்கு .22 கன்வெர்ஷன் கிட் வாங்கப் போறீங்களா? புதுசா வர்றவங்களுக்கு ஒரு வழிகாட்டி

உங்ககிட்ட லைசன்ஸோட ஒரு 9 எம்எம் பிஸ்டலோ .45 பிஸ்டலோ இருக்கு, ரேஞ்சுக்கு அடிக்கடி போய் பழகணும்னு ஆசையும் இருக்கு, ஆனா தோட்டா செலவ பாத்துட்டு ரெண்டு பெட்டியோட நிறுத்திட்டு வந்துடுறீங்கன்னா, யாராவது ஒருத்தர் கண்டிப்பா "ஒரு .22 கிட் வாங்கி மாட்டிக்கோங்க"ன்னு சொல்லியிருப்பாங்க. நல்ல யோசனைதான், நானும் அதையேதான் சொல்வேன். ஆனா எந்த கிட்டுன்னு கேட்டா அவங்கவங்க வச்சிருக்கிறதைத்தான் சொல்வாங்க, அது உங்க ஃப்ரேமுக்குப் பொருந்துமா, நீங்க பண்ணப் போற பயிற்சிக்கு சரிப்படுமாங்கிறது வேற கேள்வி. கிட் விஷயத்துல ஏமாந்து போறவங்கள்ல பாதி பேர் பேரலையும் பிராண்டையும் பாத்து வாங்கினவங்க. நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான்: முதல்ல எதுக்குன்னு முடிவு பண்ணுங்க, அப்புறம் மேகசினையும் தோட்டாவையும் பாருங்க, மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்.

கிட்டுன்னா என்ன வரும்

செமி ஆட்டோ பிஸ்டல்ல கீழ் பாதி ஃப்ரேம், அதுல கைப்பிடி, ட்ரிகர், ஹேமர் எல்லாம் இருக்கும். மேல் பாதில ஸ்லைடு, பேரல், ரீகாயில் ஸ்பிரிங். கன்வெர்ஷன் கிட்டுங்கிறது இந்த மேல் பாதிக்கு பதிலா மாட்டுற இன்னொரு மேல் பாதி, கூடவே .22 தோட்டா பிடிக்கிற மேகசின் ஒண்ணோ ரெண்டோ. கீழ் பாதி உங்களோடதேதான். அதாவது அதே கைப்பிடி, அதே ட்ரிகர், அதே சேஃப்டி லீவர், சுடுறது மட்டும் .22 லாங் ரைஃபிள்.

இந்த .22 லாங் ரைஃபிள் 1887லயே வந்த தோட்டா, இன்னைக்கும் ஓடுது. ரிம்ஃபயர்னு சொல்றதுக்கு காரணம், 9 எம்எம் மாதிரி அடிப்பக்கம் நடுவுல தனியா ப்ரைமர், அதாவது அடிபட்டா பத்திக்கிற மருந்து வச்ச சின்ன மூடி, இருக்காது, கேஸோட (தோட்டாவோட உலோகக் கூடு) அடி விளிம்புக்குள்ளயே அந்த மருந்து சுத்திலும் பரவியிருக்கும், ஃபயரிங் பின் அந்த விளிம்ப நசுக்கினா வெடிக்கும். கேஸ் ரொம்ப மெலிசு, அடில ஒரு விளிம்பு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும், குண்டு பெரும்பாலும் வெறும் ஈயம், மேல மெழுகு மாதிரி ஒரு பூச்சு. இந்த நாலு விஷயத்தையும் மனசுல வச்சுக்கோங்க, ஏன்னா கிட்டுல வர்ற எல்லா தொல்லையும் இதுல இருந்துதான் வருது.

உள்ள நடக்குறதும் மாறுது. பெரும்பாலான 9 எம்எம், .45 பிஸ்டல்கள்ல சுடும்போது பேரலும் ஸ்லைடும் பூட்டிக்கிட்டு கொஞ்ச தூரம் சேர்ந்தே பின்னால வரும், அப்புறம் பேரல் சாய்ஞ்சு கீழ இறங்கி ஸ்லைடை விட்டுடும். .22 கிட்டுல அந்தப் பூட்டே கிடையாது. பேரல் அசையாம நிக்கும், ஸ்லைடோட எடையும் ஸ்பிரிங்கும் மட்டும்தான் தடுத்து வைக்குது, இதுக்குப் பேரு ப்ளோபேக். 40 கிரெய்ன் (குண்டோட எடையச் சொல்ற அளவு) குண்டு தர்ற உதை 115 கிரெய்ன் 9 எம்எம் தர்றதுல மூணுல ஒரு பங்கு கூட வராது, .45ஓட வச்சுப் பாத்தா அஞ்சுல ஒரு பங்குதான் தேறும். அவ்வளவு சின்ன உதைய வச்சு கனமான இரும்பு ஸ்லைடை முழுசா பின்னால தள்ள முடியாது, அதனாலதான் கிட் ஸ்லைடெல்லாம் பெரும்பாலும் அலுமினியம். கைல எடுத்தவுடனே "என்ன இது இவ்வளவு லேசா இருக்கு, மட்டமான சரக்கா"ன்னு நினைச்சிடாதீங்க, லேசா இருக்கணும்னுதான் அப்படி பண்ணியிருக்காங்க.

இது புதுசும் கிடையாது. கோல்ட் கம்பெனி 1931லயே ஏஸ்னு 1911 (அவங்களோட பிரபலமான .45 பிஸ்டல் மாடல்) உருவத்துல ஒரு .22 பிஸ்டல் விட்டாங்க, 1938ல .45 பிஸ்டல்ல மாட்டிக்கிற தனி கன்வெர்ஷன் யூனிட்டே கொண்டு வந்தாங்க. அதுல டேவிட் மார்ஷல் வில்லியம்ஸ் வடிவமைச்ச மிதக்கும் சேம்பர் இருந்துச்சு, அதாவது சேம்பர் (பேரலோட பின்முனைல தோட்டா உக்கார்ற இடம்) மட்டும் தனித் துண்டா பின்னால நகர்ந்து ஸ்லைடை ஓங்கித் தள்ளும், .22 சுட்டாலும் கைக்கு பெரிய உதை மாதிரி தெரியணும்னு. கேக்க பிரமாதமா இருக்கு, ஆனா அந்த இடுக்குல ஈயமும் கரியும் ஏறி அடைச்சுக்கும், அடிக்கடி கழட்டி சுத்தம் பண்ணணும். இப்ப வர்ற கிட்டுகள்ல சாதாரண ப்ளோபேக்தான்.

முதல் படி: எதுக்குன்னு முடிவு பண்ணுங்க

.22 கிட்டுல நல்லா பழகுறது: ட்ரிகரை ஆடாம இழுக்குறது, சைட்ட சரியா வச்சுக்கிறது, உறையில இருந்து எடுத்து குறி வைக்கிறது, ஒரு டார்கெட்ல இருந்து இன்னொண்ணுக்கு மாறுறது, சுடுற நேரத்துல கண்ணு சிமிட்டுற பழக்கத்த விடுறது. கடைசியா சொன்னது பெரிய விஷயம். சத்தத்துக்கும் உதைக்கும் பயந்து ட்ரிகர் இழுக்கும்போதே பிஸ்டலோட மூக்கைக் (பேரல் முனைய) கீழ அமுக்குற பழக்கம் புதுசா வர்றவங்க எல்லாருக்கும் இருக்கும், .22ல பொறுமையா நிறைய சுடச் சுடத்தான் அது விடும்.

பழக முடியாதது: உதைய அடக்கி அடுத்த குண்ட சட்டுன்னு போடுறது. அதுக்கு ஒரிஜினல் கேலிபர் (தோட்டா அளவு) தான் வேணும், எந்த கிட்டும் அத சொல்லித் தராது. அதனால மொத்த பயிற்சியையும் .22க்கு மாத்திடாதீங்க, ஒவ்வொரு தடவையும் கடைசில கொஞ்சமாவது பெரிய தோட்டா சுட்டுட்டு வாங்க.

இப்ப கேட்டுக்க வேண்டிய கேள்வி, உங்களுக்கு வேண்டியது "என் ட்ரிகர், என் கைப்பிடி"யா, இல்ல "சும்மா ஒரு .22 பிஸ்டல்" போதுமா? சும்மா .22 போதும்னா கிட்ட விட்டுட்டு தனி .22 பிஸ்டல் வாங்குறதுதான் புத்திசாலித்தனம்னு நான் நினைக்கிறேன். ரூகர் மார்க் 4, ப்ரௌனிங் பக் மார்க் மாதிரி முதல்லயே .22க்குன்னு பண்ணினது எல்லாம் நம்பகத்துல பெரும்பாலான கிட்ட விட மேல. பெரிய பிஸ்டல் மாதிரியே உருவம் வேணும்னாலும் கிளாக் 44, சிக் சாவர் பி322னு தனியாவே இருக்கு. கழட்டி மாட்டுற வேலையும் மிச்சம்.

கிட்டுக்கு நியாயம் இருக்கிற இடங்கள் சிலது இருக்கு. ஒண்ணு, உங்க நாட்டு சட்டத்துல இன்னொரு பிஸ்டல் வாங்குறது கஷ்டம், கிட் வாங்குறது சுலபம். இன்னொண்ணு, உங்க ட்ரிகருக்கு நிறைய செலவு பண்ணி ட்யூன் பண்ணி வச்சிருக்கீங்க, அதுலயேதான் பழகணும். இதுக்கு நல்ல உதாரணம் அமெரிக்காவுல நடக்குற புல்ஸ்ஐ போட்டி. 2700னு சொல்ற போட்டில 270 ரவுண்டு, அதுல 90 ரவுண்டு .22, 90 சென்டர்ஃபயர் (ப்ரைமர் நடுவுல இருக்கிற தோட்டா), 90 .45. நிறைய பேர் ஒரே 1911 ஃப்ரேமை வச்சுக்கிட்டு .22 பகுதிக்கு மார்வெல், நெல்சன் மாதிரி கிட்ட மாட்டி சுடுவாங்க, அப்புறம் .45 மேல் பாதிய மாட்டுவாங்க, விரலுக்கு ட்ரிகர் ஒண்ணேதான். 50 கஜத்துலயும் 25 கஜத்துலயும் ஒரு கைல சுடுற போட்டி அது, அங்க போய் நிக்குதுன்னா அந்த வகை கிட்டுகளோட துல்லியத்தப் பத்தி நான் தனியா சொல்ல வேண்டியதில்ல.

காசு கணக்கும் இங்கயே போட்டுடுங்க. கிட் விலையோட கூடுதல் மேகசின் விலையும் சேருங்க. உங்க ஒரிஜினல் தோட்டா ஒண்ணோட விலையில இருந்து .22 ஒண்ணோட விலைய கழிங்க. முதல் தொகைய ரெண்டாவதால வகுத்தா எத்தன ரவுண்டுல கிட் தன் காசைத் திருப்பித் தரும்னு வந்துடும். அத நீங்க மாசம் சுடுற எண்ணிக்கையால வகுத்துப் பாருங்க. ஒன்றரை வருஷத்துக்குள்ள வந்தா தாராளமா வாங்கலாம், ஆறேழு வருஷம் ஆகும்னு வந்தா காசு மிச்சம்ங்கிற காரணத்த விட்டுட்டு மத்த காரணம் ஏதாவது இருக்கான்னு பாருங்க. இன்னொண்ணு, .22 கைல இருந்தா முன்ன விட ரெண்டு மடங்கு சுடுவீங்க, அதனால மாசச் செலவு அப்படியே நின்னாலும் ஆச்சரியம் இல்ல, பயிற்சி ரெண்டு மடங்காகியிருக்கும்.

ரெண்டாவது படி: சட்டம்

இதைத் தள்ளிப் போடாதீங்க. அமெரிக்காவுல ஃபெடரல் சட்டப்படி ஃப்ரேம்தான் துப்பாக்கி, அதனால ஸ்லைடும் பேரலும் பாகமா மட்டும் கணக்கு, ஆனா மாநிலத்துக்கு மாநிலம் மேகசின்ல எத்தன ரவுண்டு இருக்கலாம்ங்கிறது மாறும். ஐரோப்பிய யூனியன்ல பேரல், ஸ்லைடு ரெண்டுமே முக்கிய பாகம்னு சட்டத்துலயே எழுதியிருக்கு, முழு துப்பாக்கி மாதிரியே அனுமதி வேணும். இந்தியாவுல 1959 ஆயுதச் சட்டம் 'ஆயுதம்'னு சொல்றதுக்குள்ளயே பாகங்களும் வந்துடுது. ஆக, உங்க லைசன்ஸ்ல எந்த போர் (bore, பேரலோட துளை அளவு) எழுதியிருக்கோ அதுக்கு வெளிய போற ஒரு பேரலை வாங்குறதுக்கு முன்னால லைசன்ஸ் குடுத்த அதிகாரிகிட்ட எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க. வெளிநாட்டு தளத்துல ஆர்டர் போட்டுட்டு கஸ்டம்ஸ்ல மாட்டினதுக்கு அப்புறம் "பாகம்தானே சார்"னு சொன்னா எடுபடாது.

மூணாவது படி: உங்க ஃப்ரேமுக்குப் பொருந்துதா

"கிளாக் கிட்"னு எழுதியிருந்தா எல்லா கிளாக்குக்கும் வராது. கிளாக் 17, கிளாக் 22 மாடல்கள் ஒரு அளவு, கிளாக் 19, கிளாக் 23 ஒரு அளவு, அதுக்கு மேல ஜெனரேஷன் வேற. ஜென் 3க்கு பண்ணின கிட் ஜென் 5ல வேலை செய்யாது, ஏன்னா ஜென் 5ல ஃபயரிங் பின் சேஃப்டியும் அதைத் தள்ளுற ட்ரிகர் பாரும் மாறிடுச்சு. உங்க பிஸ்டல்ல மாடல் நம்பர், ஜெனரேஷன் ரெண்டையும் பாத்து எழுதிக்கிட்டு, கிட் கம்பெனியோட பட்டியல்ல அது அப்படியே இருக்கான்னு பாருங்க. பட்டியல்ல இல்லாதத "பொருந்தும்ணே"ன்னு கடைக்காரர் சொன்னா வாங்காதீங்க.

1911ல வேற மாதிரி சிக்கல். அந்த வடிவத்த நிறைய கம்பெனி பண்றாங்க, ஒவ்வொருத்தரோட ஃப்ரேமும் தலைமுடி அளவுக்கு வித்தியாசம். ஃப்ரேம் .45க்கு பண்ணினதா 9 எம்எம்க்கு பண்ணினதான்னு பாருங்க, ரெண்டுலயும் எஜெக்டர் (காலி கேஸை வெளிய தட்டி விடுற துண்டு) வேற, அது கிட் ஸ்லைடுல இடிக்கலாம். ரெண்டு வரிசையா தோட்டா பிடிக்கிற அகலமான ஃப்ரேம்னா சாதாரண 1911 கிட்டோட மேகசின் உள்ள தொளதொளன்னு நிக்கும், அதுக்கு வராது. அப்புறம் ஹேமர் ஸ்பிரிங். .45க்கு வழக்கமா 23 பவுண்ட் ஸ்பிரிங் போட்டிருப்பாங்க, .22 ஸ்லைடு பின்னால வரும்போது அந்த ஸ்பிரிங்கை எதிர்த்துதான் ஹேமரை மடக்கணும், அதனால கனமான ஸ்பிரிங் இருந்தா ஸ்லைடு பாதிலயே சோர்ந்து நின்னுடும். அதுக்காக ரொம்ப லேசான ஸ்பிரிங் போட்டா ரிம்மை நசுக்குற அடி பத்தாது, தோட்டா வெடிக்காது. கிட் கம்பெனி என்ன சொல்லுதோ அதோட நிறுத்திக்கோங்க.

சிஇசட் 75க்கு வர்ற கேடட் கிட் எனக்கு ரொம்பப் பிடிச்ச வடிவம். அதுல முன்பக்கம் பேரலோட அசையாம நிக்கும், பின்னால ஒரு சின்னத் துண்டு மட்டும்தான் முன்னும் பின்னும் ஓடும். ஓடுற எடை கம்மிங்கிறதால மொத்தத்தையும் இரும்புலயே பண்ண முடிஞ்சுது, கைல எடுத்தா ஒரிஜினல் மாதிரியே கனம் இருக்கும். ஆனா சில ஃப்ரேம்ல நேரா உக்காராது, இறுக்கமா வரும், கொஞ்சம் தேய்ச்சுப் பொருத்த வேண்டியிருக்கும். அந்த வேலைய லைசன்ஸ் உள்ள ஆர்மரர்கிட்ட (துப்பாக்கி பழுது பாக்குறவர்) குடுங்க, நீங்களே அரம் எடுத்து ஃப்ரேம் மேல கை வைக்காதீங்க. தேய்க்கிறதுன்னா கிட்டைத்தான் தேய்க்கணும், ஃப்ரேமை இல்ல.

நாலாவது படி: மேகசின்

இங்கதான் நிறைய நேரம் செலவு பண்ணணும். .22 கேஸோட அடில விளிம்பு நீட்டிக்கிட்டு இருக்குன்னு சொன்னேன்ல, மேகசின்ல ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கும்போது மேல இருக்கிற தோட்டாவோட விளிம்பு கீழ இருக்கிறதோட விளிம்புக்கு முன்னால நிக்கணும். பின்னால போய் மாட்டிக்கிச்சுன்னா ஸ்லைடு மேல் தோட்டாவ முன்னால தள்ளும்போது கீழ் விளிம்பு கொக்கி மாதிரி பிடிச்சுக்கும், அவ்வளவுதான், ஜாம். அதனால மேகசின் பக்கவாட்டுல இருக்கிற பட்டனை ஒரேயடியா கீழ இழுத்துப் பிடிச்சுக்கிட்டு பத்து தோட்டாவையும் கொட்டி நிரப்பாதீங்க. ஒரு தோட்டாவுக்கு எவ்வளவு இடம் வேணுமோ அவ்வளவு மட்டும் பட்டனை இறக்கி, தோட்டாவ பின்சுவர் வரைக்கும் தள்ளி, அடுத்தது. முடிஞ்சதும் மேகசின் பின்பக்கத்த உள்ளங்கைல ரெண்டு தட்டு தட்டிட்டு பக்கவாட்டு ஜன்னல் வழியா பாருங்க, எல்லா தோட்டாவும் ஒரே சாய்வுல மூக்கை லேசா மேல தூக்கிக்கிட்டு நிக்கணும், ஒண்ணு மட்டும் குனிஞ்சிருந்தா இறக்கிட்டு திரும்ப நிரப்புங்க.

வாங்கும்போது கேக்க வேண்டியது: தனி மேகசின் இப்ப கிடைக்குதா, என்ன விலை, கம்பெனி இன்னும் தயாரிக்குதா? கிட் நல்லாயிருந்து மேகசின் சந்தையில இல்லன்னா அந்த கிட்டுக்கு ஆயுசு அந்த ஒரு மேகசின் உடையுற வரைக்கும்தான். குறைஞ்சது மூணு மேகசின் வச்சுக்கோங்க, அடில மார்க்கர்ல 1, 2, 3னு எழுதுங்க, ஏன்னு அப்புறம் சொல்றேன். பிளாஸ்டிக் மேகசின்னா தோட்டாவ பிடிச்சு நிறுத்துற மேல் உதடு இருக்குல்ல, அத நகத்தால தடவிப் பாருங்க, பிசிறோ வெட்டோ இருந்தா மாத்திக் கேளுங்க.

கடைசி தோட்டா முடிஞ்சதும் ஸ்லைடு திறந்து நிக்குமான்னும் கேளுங்க. எல்லா கிட்டும் நிக்காது. மேகசின் மாத்திப் பழகணும்னு நினைக்கிறவங்களுக்கு அது நிக்கிற கிட்தான் வேணும். நிக்கிற கிட்டுலயும் அலுமினிய ஸ்லைடு, இரும்பு லீவர், அந்தக் காடி தேஞ்சுபோகும், அதனால லீவரை அமுக்கி ஸ்லைடை விடாம, கையால பின்னால இழுத்து விடுறது நல்லது.

அஞ்சாவது படி: சைட், உறை, ஆப்டிக்

இதை சுருக்கமா முடிச்சிடலாம். சைட் அட்ஜஸ்ட் பண்ற மாதிரி இருக்கணும், ஏன்னா .22 விழுற இடமும் உங்க ஒரிஜினல் விழுற இடமும் ஒண்ணா இருக்காது. நீங்க ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டுற ஆப்டிக்) வச்சு பழகுறவர்னா கிட் ஸ்லைடுல உங்க ஆப்டிக்குக்கு பொருந்துற வெட்டு இருக்கான்னு பாருங்க. வெளி அளவு ஒரிஜினல் மாதிரியே இருந்தா உங்க உறையிலயே உக்காரும்.

ஆறாவது படி: தோட்டா

கிட் வாங்குறதுக்கு முன்னாலயே அதோட மேனுவலை தேடிப் படிங்க. நிறைய கம்பெனி "இந்த தோட்டா போடுங்க, இது வேண்டாம்"னு பேர் சொல்லியே எழுதியிருப்பாங்க. அந்த தோட்டா உங்களுக்குக் கிடைக்கலன்னா அந்த கிட் உங்களுக்கில்ல.

பொதுவா அலுமினிய ஸ்லைடு கிட்டுக்கு 40 கிரெய்ன், ஹை வெலாசிட்டி, செம்பு முலாம் பூசின, மூக்கு உருண்டையான தோட்டாதான் நல்லா ஓடும். சிசிஐ மினி மேக் இந்த வகை, பெட்டில நொடிக்கு 1,235 அடின்னு போட்டிருப்பாங்க. அதே கம்பெனியோட ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி நொடிக்கு 1,070 அடி, போட்டிக்கு பண்ணின துல்லியமான கிட்டுகள் சிலது இத விரும்பும், ஆனா சாதாரண கிட்டுல இது ஸ்லைடை முழுசா தள்ளாம விட்டுடலாம். பெட்டில போட்டிருக்கிற வேகம் நீளமான ரைஃபிள் பேரல்ல அளந்தது, உங்க பிஸ்டல்ல அதவிட நல்லாவே கம்மியாதான் வரும். ஸ்டிங்கர் மாதிரி அதிவேகத் தோட்டா வேண்டாம், அதோட கேஸே வழக்கமானத விட நீளம், இறுக்கமான சேம்பர்ல சரியா உக்காராது.

முதல்ல மூணு நாலு வகைல ஒவ்வொரு பெட்டி மட்டும் வாங்குங்க. எது ஓடுதுன்னு தெரிஞ்சதுக்கு அப்புறம் மொத்தமா வாங்கலாம்.

மாட்டுறது

மேகசினை வெளிய எடுங்க, ஸ்லைடை இழுத்து சேம்பரை கண்ணால பாருங்க, விரல விட்டும் பாருங்க. மேசை மேல ஒரு தோட்டாவும் இருக்கக் கூடாது. ஒரிஜினல் மேல் பாதிய மேனுவல்ல சொன்ன மாதிரி கழட்டி, ஸ்லைடு, பேரல், ஸ்பிரிங் மூணையும் ஒரே டப்பால போட்டு வைங்க, கிட் ஸ்பிரிங்கும் ஒரிஜினல் ஸ்பிரிங்கும் மாறிப் போயிடக் கூடாது. கிட்டை ஃப்ரேம்ல ஸ்லைடு ஓடுற தண்டவாளத்துல ஏத்தும்போது தானா வழுக்கிட்டுப் போகணும், தட்டி ஏத்துற மாதிரி இருந்தா நிறுத்துங்க. மாட்டின அப்புறம் மூக்கை பாதுகாப்பான பக்கம் வச்சு ஸ்லைடை பல தடவை இழுத்து விட்டுப் பாருங்க, சேஃப்டி போட்டா ட்ரிகர் நிக்குதான்னு பாருங்க.

இங்க ஒரு எச்சரிக்கை. ரிம்ஃபயர்ல ஃபயரிங் பின் அடிக்கிறது சேம்பரோட ஓரத்துக்கு நேரா. உள்ள கேஸ் இல்லாம ட்ரிகரை இழுத்துக்கிட்டே இருந்தா அந்த பின் நேரா சேம்பர் ஓரத்துல குத்தி பள்ளம் போட்டுடும், அப்புறம் தோட்டா உள்ள போகாது, கேஸ் வெளிய வராது. மேனுவல் பரவாயில்லன்னு சொன்னா ஒழிய டம்மி இல்லாம ட்ரை ஃபயர் பண்ணாதீங்க. சுவத்துல ஸ்க்ரூ போடுறதுக்கு அடிக்கிற சின்ன பிளாஸ்டிக் பிளக் இருக்குல்ல, விளிம்பு வச்ச மஞ்சள் கலர் சைஸ் ஒண்ணு, நிறைய பேர் அதைத்தான் சேம்பர்ல போட்டுப் பழகுறாங்க. செலவே இல்ல.

முதல் ரேஞ்ச் நாள்

முதல் சில நூறு ரவுண்டு கிட் பழகுற காலம், அதுல ஒண்ணு ரெண்டு ஜாம் வந்தா பதற வேண்டாம். தண்டவாளத்துல எண்ணெய் கொஞ்சம் தாராளமாவே விட்டு ஆரம்பிங்க. ஒரு சின்ன நோட்டுல எந்த தோட்டா, எந்த மேகசின், என்ன தொல்லைன்னு எழுதுங்க. இதுக்குத்தான் நம்பர் போடச் சொன்னேன். எல்லா ஜாமும் 2ஆம் நம்பர் மேகசின்லயே வருதுன்னா கிட்டுல கோளாறு இல்ல, மேகசின்ல. ஒரு தோட்டாவுல மட்டும் வருதுன்னா தோட்டாவுல.

காலி கேஸ், ஸ்லைடுல அது வெளிய வர்ற ஜன்னல்ல செங்குத்தா மாட்டி நின்னா ஸ்லைடு முழுசா பின்னால போகல, தோட்டா பலம் பத்தல, இல்ல எண்ணெய் இல்ல, இல்ல மணிக்கட்டைத் தளர்வா பிடிக்கிறீங்க. தோட்டா வெடிக்கலன்னா மூக்கை டார்கெட் பக்கமே வச்சு அரை நிமிஷம் காத்திருங்க, தாமதமா வெடிக்க வாய்ப்பு இருக்கு. அப்புறம் எடுத்துப் பாருங்க, விளிம்புல ஆழமா நல்ல குறி இருந்தும் வெடிக்கலன்னா அந்த இடத்துல உள்ள மருந்து பரவாம இருந்திருக்கும், ரிம்ஃபயர்ல இது சகஜம். குறி லேசா இருந்தா ஸ்லைடு முழுசா மூடாம இருந்திருக்கும், இல்ல பின் ஓடுற பாதைல அழுக்கு. சுட்ட கேஸ் நாலஞ்ச பொறுக்கி வெளிச்சத்துல உருட்டிப் பாருங்க. குறி விளிம்பு மேல பளிச்சுன்னு ஒரே அளவுல இருக்கணும். ஒரு பக்கம் மட்டும் நீளமா கரி படிஞ்சிருந்தா அழுத்தம் பத்தாம கேஸ் சேம்பரை ஒட்டி விரியலன்னு அர்த்தம். அடிப்பக்கம் வயிறு தள்ளியிருந்தாலோ கிழிஞ்சிருந்தாலோ அதோட நிறுத்துங்க, அந்த கிட்டை ஆர்மரர் பாக்காம ஒரு ரவுண்டு கூட சுடாதீங்க.

வழக்கமான சத்தம் இல்லாம "புஸ்"ஸுன்னு வந்தா அடுத்தது சுடாதீங்க. மேகசின் எடுத்து, ஸ்லைடை திறந்து, பேரலுக்குள்ள குண்டு சிக்கியிருக்கான்னு பாத்துட்டுதான் மறுபடியும். பாதி மூடின ஸ்லைடை உள்ளங்கையால அடிச்சு மூடாதீங்க, மெலிசான கேஸ், விளிம்பு நசுங்கினா மூடாத நிலையிலயே வெடிக்கும். கண்ணாடி, காது பாதுகாப்பு .22தானேன்னு கழட்டி வைக்கிற சமாச்சாரம் இல்ல.

பழைய கிட் வாங்குறவங்களுக்கு

சேம்பர் ஓரத்த டார்ச் அடிச்சு பாருங்க, பின் குத்தின பள்ளம் இருந்தா கேஸை உருவும்போது தொல்லை தரும். எக்ஸ்ட்ராக்டர் (கேஸை சேம்பர்ல இருந்து இழுக்குற கொக்கி) நுனி கூர்மையா இருக்கான்னு பாருங்க. மேகசின் கூட வருதான்னு பாருங்க, மேகசின் இல்லாத பழைய கிட் எவ்வளவு மலிவா வந்தாலும் வேண்டாம், கம்பெனி மூடிட்டா அது வெறும் உலோகத் துண்டு.

சுத்தம், அப்புறம் திரும்ப மாட்டுறது

.22 அழுக்குப் பிடிச்ச தோட்டா. மெழுகும் கரியும் எரியாத மருந்தும் சேர்ந்து சேம்பர்லயும் எக்ஸ்ட்ராக்டருக்கு அடிலயும் பிசின் மாதிரி ஒட்டும். ஒவ்வொரு ரேஞ்சுக்கு அப்புறமும் பழைய டூத் பிரஷ் வச்சு ஸ்லைடு முகத்தையும் எக்ஸ்ட்ராக்டரையும் தேய்ங்க, சேம்பருக்கு .22 பிரஷ் நாலஞ்சு தடவை போதும். பேரலை தினமும் சுரண்டிக்கிட்டு இருக்க வேண்டாம், ஆனா சேம்பரை விடக் கூடாது. அலுமினிய ஸ்லைடுக்கு காரம் அதிகமான கிளீனர் வேண்டாம், மேல் பூச்சு வெளுத்துடும். மேகசினைக் கழட்டி உலர்ந்த துணியால துடைங்க, உள்ள எண்ணெய் விடாதீங்க, அது அழுக்கத்தான் பிடிச்சு வைக்கும்.

வெறும் ஈயக் குண்டுங்கிறதால கைல ஈயம் நிறையவே ஒட்டும், ப்ரைமர் புகையிலயும் ஈயம் இருக்கு. முடிச்சதும் குளிர்ந்த தண்ணியும் சோப்பும் போட்டு கை, முகம் கழுவிட்டுதான் சாப்பிடுறது, குடிக்கிறது எல்லாம். மூடின ரேஞ்சுன்னா காத்து நல்லா ஓடுதான்னு பாருங்க. சின்னப் பசங்க இருக்கிற வீடுன்னா அந்தத் துணிய தனியா துவைங்க.

ஒரிஜினல் மேல் பாதிய திரும்ப மாட்டினதும் ஸ்பிரிங் சரியான ஸ்பிரிங்கான்னு ஒரு தடவை பாத்துட்டு, சேஃப்டி, ட்ரிகர், ஸ்லைடு ஓட்டம் எல்லாத்தையும் காலியா வச்சு சோதிச்சுட்டு, அடுத்த ரேஞ்ச் நாள்ல முதல் மேகசினை அந்த ஒரிஜினல் தோட்டாவுலயே சுடுங்க. .22 மேகசினை ஒரிஜினல் மேகசின் இருக்கிற பைல போடாதீங்க, கிட் டப்பாலயே பூட்டி வைங்க.